ஒன்பது நிமிடத்துக்கு ஒரு மிடறு

மேலேயிருந்து அந்தச் சத்தம் மறுபடி வந்தது.

கீக். கீக். கீக்.

மூன்று தரம். பிறகு அமைதி.

றிஷானா வெங்காயம் வெட்டிய கத்தியை அப்படியே பலகையில் வைத்துவிட்டுக் குசினிச் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு இருபத்திரண்டு. முந்தியது எட்டுப் பதின்மூன்றுக்கு வந்தது. அதற்கு முந்தியது எட்டு நாலுக்கு.

ஒன்பது நிமிடம். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் குசினிக்குள் வந்த நேரம் முதல் ஒரு நிமிடம்கூடப் பிசகாத ஒன்பது நிமிடம்.

மாடியில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஸாம்சன், அவனுடைய மனைவி நோரீன். மும்பைக்காரர்கள். சீனன்குடாவில் பழைய எண்ணெய்க் குதங்களைத் திருத்தும் வேலைக்கு எஞ்சினியராக வந்தவன் ஸாம்சன். பெயரைக் கேட்டதும் கிறிஸ்தவ வேதக்காரராக்கும் என்று றிஷானாவும் புருஷன் றுவைஸும் முடிவுகட்டினார்கள். அவர்களும் மறுக்கவில்லை. உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே வெட்டிப் போகும் இந்த ஒழுங்கையில் மூன்று மாதமாகச் சத்தம் சந்தடி இல்லாத குடித்தனம்.

நோரீனுக்கு ஏழாம் மாதம். இதற்கு முந்திய பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போனது. அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. றிஷானா கொடுத்த மாங்காய் அச்சாறை விரலால் வழித்து நக்கிக்கொண்டே சொன்னாள். றிஷானா ஆறு வருடம் ஷார்ஜாவில் ஒரு இந்தியக் குடும்பத்துக்குச் சமைத்தவள். அங்கே ஒட்டிக்கொண்டு வந்த இந்தியில்தான் இருவரும் கதைப்பார்கள். அக்காவைக் கூப்பிடுகிற 'ராத்தா' என்ற ஒரு சொல்லை மட்டும் நோரீன் தமிழில் பிடித்து வைத்திருந்தாள்.

நேற்றுப் பின்னேரம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நேற்று நாலு மணியிருக்கும். நோரீன் படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். தலை குளித்த ஈரம் காயவில்லை. றிஷானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு நாங்க ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க."

றிஷானா சிரித்துவிட்டாள். "என்ன புள்ள இது? ஹஜ்ஜுக்குப் போறவங்க வீடு வீடாப் போய்க் கேக்கிற மாதிரிக் கேக்கிறீங்க?"

நோரீன் சிரிக்கவில்லை. "மன்னிச்சன் எண்டு சொல்லுங்க."

"சரி, மன்னிச்சன். இப்ப வந்து இரிங்க, பிளேன்ரீ ஊத்துறன்."

"வேணாம். நாளைக்கு எங்களத் தேடாதீங்க. கதவும் தட்டாதீங்க. நாளண்டைக்கு நானே வாறன்."

அவ்வளவுதான். படியேறிப் போய்விட்டாள். பொழுது படுவதற்கு முன் மாடியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கடைசி ஜன்னலைச் சாத்தியபோது ஸாம்சனின் கை மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சட்டை. அவனுக்குப் பின்னால் நோரீனும் வெள்ளை. மெழுகுதிரி எரியும் மணம் படி வழியே இறங்கி வந்தது. பிறகு ஓதுவதுபோல் ஒரு குரல்.

றிஷானா காதைக் கொடுத்துக் கேட்டாள். அரபு மாதிரி இருந்தது. ஆனால் அரபு இல்லை. ஆறு வருடம் அரபு கேட்ட காது அது.

இப்போது காலை எட்டரை. ஓதல் நிற்கவில்லை. இடையிடையே இந்தக் கீக் கீக்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெள்ளை உடுத்து, கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவன் வேலை செய்வது எண்ணெய்க் குதத்தில். எட்டிப் பார்த்தால் கடற்படை முகாம்.

றிஷானா வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அவளுக்கு அந்தப் பயம் புதிதல்ல. ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு வந்த நோன்பு மாதத்தில், இதே வீட்டு முன்னறையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து இரவில் தறாவீஹ் தொழுதார்கள். 'அந்த வீட்டில கதவப் பூட்டிக்கொண்டு என்னமோ செய்யுறாங்க' என்று யாரோ அறிவித்தார்கள். ஜீப் வந்தது. அலுமாரியைக் கவிழ்த்தார்கள். அரபு எழுத்தில் ஒரு துஆப் புத்தகம். கிப்லா பார்க்கிற சின்னத் திசைகாட்டி ஒன்று. "இது என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். "தொழுற திசை பாக்க, சேர்," என்றான் றுவைஸ். அவனைப் பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். போட் எஞ்சின் திருத்துகிற மனிதன். இன்றைக்கும் ஒழுங்கைக்குள் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவான்.

அறிவித்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எதிர்வீட்டுக் குணமணியாக இருக்கும் என்று றிஷானா தானாகவே முடிவுசெய்தாள். அன்றிலிருந்து அந்த மனுஷியோடு கதை இல்லை.

இந்த முறை ஏதாவது நடந்தால்? யாருடைய வீட்டு மாடி? றுவைஸின் வீடு. ஒரு முஸ்லிம் வீடு. இந்தமுறை பதினொரு நாளோடு விடமாட்டார்கள்.

கைத்தொலைபேசியை எடுத்து றுவைஸுக்கு அடித்தாள். அவன் விடியவே மூதூருக்குப் போயிருந்தான், ஒரு போட் எஞ்சின் வேலை. தொடர்பு கிடைக்கவில்லை. மூன்று தரம் அடித்தாள். இல்லை.

படியேறினாள்.

"நோரீன்!"

கதவைத் தட்டினாள். உள்ளே ஓதல் சட்டென்று நின்றது.

"நோரீன் புள்ள! நான்தான், ராத்தா. சுகமா இரிக்கிறீங்களா?"

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவுக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. றிஷானா குனிந்து சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தாள். மேசை தெரிந்தது. மேசையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு வயர். ஒரு சிவப்பு வெளிச்சம் மினுங்கியது.

கீக். கீக். கீக்.

எப்படிக் கீழே இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பொலிஸ் அவசர இலக்கத்தை அழுத்தினாள். வீட்டு அடையாளத்தைச் சொன்னாள். பெட்டியைச் சொன்னாள். வயரைச் சொன்னாள்.

"உங்கட பேர்?"

"பேர் சொல்ல ஏலாது, சேர். ரோட்டால போற ஆள்."

வைத்துவிட்டாள்.

ஒன்பதே காலுக்கு ஜீப் வந்தது. சார்ஜன்ட் பிரதீஸ், கூட இரண்டு பொலிஸ்காரர்கள். சார்ஜன்ட் மட்டக்களப்புப் பக்கத்து ஆள், நல்ல தமிழ்.

"வீட்டுக்காரி நீங்களா, அம்மா? மேல ஆர்?"

"இந்தியாக்காரர், சேர்."

"நீங்க ஏதும் கவனிச்சனீங்களா?"

றிஷானா மாடிப் படியைப் பார்த்தாள்.

"இல்ல, சேர்."

கதவை மூன்றாம் தரம் இடித்தபோது ஸாம்சன் திறந்தான். முகம் வெளுத்திருந்தது. காலில் துணிச் சப்பாத்து. அவனுக்குப் பின்னால் தரையில் விரித்த மெத்தையில் நோரீன் சாய்ந்திருந்தாள். அவளருகே ஒரு ஜக்கில் தண்ணீர். பாணி மருந்துப் போத்தலோடு வருமே, அந்தச் சின்ன அளவுக் கோப்பை ஒன்று.

அறையை மாற்றி அடுக்கியிருந்தார்கள். அலுமாரியை நகர்த்தி மேற்குச் சுவரை வெறுமையாக்கியிருந்தார்கள். கீழே றிஷானாவின் தொழுகைப் பாய் எந்தச் சுவரைப் பார்த்துக் கிடக்குமோ, மேலே அதே சுவர்.

ஜன்னல் கட்டிலிருந்து ஒரு பொலிஸ்காரன் எதையோ எடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் திசைகாட்டி.

"இது என்னத்துக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் சார்ஜன்ட்.

"ஜெபம் செய்யிற திசை பாக்க, சேர்," என்றான் ஸாம்சன்.

கதவோரம் நின்ற றிஷானா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதே கேள்வி. அதே பதில். ஏறத்தாழ அதே இடம்.

"என்ன மதம்?"

ஸாம்சன் சார்ஜன்ட்டைப் பார்க்கவில்லை. றிஷானாவைத்தான் பார்த்தான். பிடிபட்டவன் பார்க்கிற பார்வை.

"நாங்க யூதர். மும்பைப் பக்கத்தில பரம்பரையா இருக்கிற யூதர். இண்டைக்கு எங்கட பெரிய நோன்பு. நேற்றுப் பொழுதுபட்டதிலயிருந்து இண்டைக்குப் பொழுதுபட்டு வானத்தில வெள்ளி தெரியும்வரைக்கும் தண்ணிகூட இல்ல. கதவ அடைச்சிட்டு உள்ளயே இருப்பம். வெளியாக்களோட கதைக்க மாட்டம்."

"அந்தப் பெட்டி?"

"அது என்ட மனிசிக்கு. நோன்பில கைத்தொலைபேசி தொட மாட்டம். அதால நானே..."

சார்ஜன்ட் அதற்குள் பெட்டியைப் பார்த்துவிட்டார். வயரைப் பார்த்துவிட்டார். சிவப்பு வெளிச்சம் மினுங்கியது.

கீக்.

"எல்லாரும் வெளிய! ஒண்டையும் தொட வேணாம்! வெளிய, வெளிய!"

ஒழுங்கை நிறைந்துவிட்டது. அந்த வரிசையில் பக்கத்து வீடுகளை வெறுமையாக்கினார்கள். குண்டு செயலிழக்கச் செய்யும் ஆமிக்காரர்கள் வரும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது. எப்போது வருவார்கள் என்று கேட்டால், வருவார்கள் என்றார்கள்.

ஒக்டோபர் மாதம். மாரி இன்னும் பிடிக்கவில்லை. தார் ரோட்டிலிருந்து எழும்பிய வெக்கை முகத்தில் அடித்தது. இந்த ஊர்த் தெருவில் மாடுபோலத் திரியும் மான்கூடக் குப்பைத் தொட்டியை விட்டு நிழல் தேடிப் போய்விட்டது. நோரீன் வெள்ளைச் சேலையோடு மதிலில் சாய்ந்து நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

எதிர்வீட்டுக் கேற் திறந்தது. குணமணி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கமக்கட்டில் ஒரு குடை.

"வயித்துப் பிள்ளைய வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்கிறியள், உங்களுக்குக் கண் இல்லையா?" என்று பொலிஸ்காரனைப் பிடித்து ஏசினாள். நோரீனை உட்காரவைத்துக் குடையை விரித்துப் பிடித்தாள். பிறகு, ஆறு வருடத்துக்குப் பிறகு, றிஷானாவின் முகத்தைப் பார்த்தாள். "பிள்ளை, நிண்டு பாக்கிறியே! ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வா."

றிஷானா ஒழுங்கை முனை வீட்டில் ஓடிப் போய் வாங்கி வந்தாள். நோரீன் தலையை ஆட்டினாள்.

"குடி, நோரீன்," என்று கெஞ்சினான் ஸாம்சன்.

"அளவுக் கோப்பை மேல இரிக்கு."

"அளவில்லாட்டியும் பரவாயில்ல. கொஞ்சமாக் குடி."

"எவ்வளவு கொஞ்சம்? எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இரிக்கு. போன தரம் நான் என்னத்தையோ பிழையாச் செஞ்சிட்டன். இந்தத் தரம் ஒண்டும் பிழைக்கக் கூடாது."

றிஷானாவுக்கு அந்தப் பிடிவாதம் தெரியும். மகள் பஸ்னா வயிற்றில் இருந்தபோது அவளும் றமழான் நோன்பை விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு விடலாம், பிறகு பிடிக்கலாம் என்று மார்க்கமே சொல்கிறது. மருத்துவமாது கேட்டபோது 'பிடிக்கேல்ல, மிஸ்' என்று பொய் சொல்லிவிட்டு இருபத்தொன்பதும் பிடித்தாள். அந்தப் பிடிவாதத்தை யாரும் வெளியிலிருந்து உடைக்க முடியாது.

அவள் சார்ஜன்ட்டிடம் போனாள்.

"சேர், அது குண்டு மாதிரித் தெரியேல்ல. அந்தப் பொம்பிளைக்குத் தண்ணி குடிக்க நேரம் காட்டுற சாமான் போல. அவங்கள உள்ள விடுங்க."

சார்ஜன்ட் அவளைக் கூர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒண்டும் கவனிக்கேல்ல எண்டு சொன்னீங்களே."

இப்போது சொல்லலாம். 'நான்தான் அடிச்சனான், பயத்தில பெரிசாக்கிச் சொல்லிட்டன்' என்று சொல்லலாம். ஒருவேளை அவர் நம்பியிருப்பார். அரை மணித்தியாலமாவது மிஞ்சியிருக்கும்.

சுற்றிலும் ஒழுங்கைச் சனம் நின்றது.

"இல்ல, சேர். சும்மா சொன்னன்," என்றாள் றிஷானா.

மூதூரிலிருந்து திரும்பிய றுவைஸ் அப்போதுதான் வந்தான். சந்தியில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஜீப்பைக் கண்டதும் நிறுத்தியிருந்தான். வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப். அவன் இறங்கவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. றிஷானாவே சந்திக்குப் போனாள். கிட்டப் போனபோதும் அவன் கைப்பிடியை விடவில்லை.

"என்னத் தேடியா?" என்றான்.

"இல்லங்க. மாடியாக்கள். ஒண்டும் இல்ல. நோன்பு பிடிச்சிரிக்கிறாங்க."

"நோன்பு பிடிச்சதுக்கா ஜீப்? ஆர் அறிவிச்சது?"

"தெரியா."

அவனுடைய கண் ஒழுங்கையின் நடுவே, குடை பிடித்துக்கொண்டு நின்ற குணமணியில் போய் நின்றது.

"இந்த ஒழுங்கையில சொல்லிக்குடுக்கிறதுக்கு எப்பவும் ஒரு ஆள் இரிக்கும்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

றிஷானா நோரீனிடம் திரும்பிப் போனாள்.

பதினொன்று இருபதுக்கு ஆமிக்காரர்கள் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு பற்றறி, கீக் என்று ஒலிக்கும் ஒரு சின்னக் கீச்சி, ஒரு நேரங்காட்டி. "எஞ்சினியர் மாத்தயா கெட்டிக்காரன்," என்று ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பின்னால் குணமணி கத்தினாள்.

நோரீன் கதிரையிலிருந்து சரிந்து கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வாட்டுக்குள் ஆண்களை விடவில்லை. இந்தி தெரிந்தவள் றிஷானா ஒருத்திதான். ஸாம்சன் வாட்டு வாசலில் நின்றுகொண்டான்.

டொக்டர் ஒரு இளம்பெண். வயிற்றில் கை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து, உதட்டைச் சுழித்தார். "உடம்பில தண்ணியே இல்ல. நோவு கண்டிட்டுது. இந்த மாசத்தில வெளிய வந்தா மிச்சம் கஷ்டம். சேலைன் ஏத்துவம். வாயாலயும் குடுத்துக்கொண்டே இருக்கோணும். நீங்க கிட்ட இருங்க."

பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை நோரீனின் வயிற்றில் கட்டினார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் இடத்தை மாற்றினாள். இல்லை. இன்னொரு தரம் மாற்றினாள்.

டுக்டுக்டுக்டுக்.

றிஷானா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ராத்தா," என்றாள் நோரீன் கண்ணைத் திறக்காமல். "ஒரு சின்ன மருந்துக் கோப்பை கேளுங்க. அதில முக்கால்வாசி."

நர்ஸ் கொடுத்தாள். றிஷானா அவளுடைய தலையைத் தூக்கி ஊற்றினாள். ஒரு மிடறு. தொண்டை அசைந்தது. றிஷானா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு ஆறு. பன்னிரண்டு பதினைந்துக்கு அடுத்தது. பன்னிரண்டு இருபத்துநாலுக்கு அதற்கடுத்தது. நோரீன் ஒருமுறை கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். குடித்தாள்.

மிடறுகளுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தாள்.

"எங்கட ஊர்ப் பக்கத்தில இந்த நாளுக்கு 'கதவடைக்கிற திருநாள்' எண்டுதான் பேர். முந்தியெல்லாம் வெள்ளை உடுத்தி, கதவ அடைச்சிட்டு, ஜெபக் கூடத்துக்கு மட்டும்தான் போவாங்க. இங்க ஜெபக் கூடம் இல்ல. பத்து ஆம்பிளைகள் சேர்ந்தாத்தான் முழு ஜெபம். இவர் தனியா. எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னார்."

பன்னிரண்டு ஐம்பத்தொன்று. ஒரு மிடறு.

"சின்ன நோன்புகள் எண்டா பிள்ளைத்தாய்ச்சிக்கு இல்ல. இது பெரிய நோன்பு. இதுக்கு விடுகை இல்ல. உயிருக்கு ஆபத்து எண்டா மட்டும் இப்பிடி அளந்து குடிக்கலாம். டொக்டர் சொன்னார், எங்கட பெரியவரும் தொலைபேசியில சொன்னார். வாய் நிறையாத அளவு. இடைவெளி விட்டு."

ஒன்று முப்பத்தாறு.

"கடவுளுக்குச் செஞ்ச பிழைய இண்டைக்கு அவர் மன்னிப்பார். மனிசருக்குச் செஞ்சத அந்த மனிசரிட்டயே போய்க் கேக்கோணும். அதான் நேற்று உங்களிட்ட வந்தன். ஆர் எண்டு சொன்னா நீங்க வீடு தர மாட்டீங்க எண்டு பயந்திட்டம், ராத்தா. இந்தக் காலத்தில... உங்கட வீட்டில... மறைச்சிட்டம். அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டது."

இப்போதாவது சொல்லு, இப்போதாவது சொல்லு என்று றிஷானா தனக்கே சொல்லிக்கொண்டாள். அவள் துவாயை எடுத்து நோரீனின் நாடியைத் துடைத்துவிட்டாள்.

நாலரை மணிக்கு நோவு நின்றது. ஆறு மணிக்குக் கண்ணாடிக்கு வெளியே இருட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஸாம்சன் வாசலில் நின்று கையால் சைகை காட்டினான். வெள்ளி தெரிந்துவிட்டது. நோரீன் கோப்பையை விலக்கிவிட்டு, தண்ணீர்ப் போத்தலை வாங்கி, நிறுத்தாமல் பாதி குடித்தாள்.

"உங்கட நோன்பு கபூலாகட்டும்," என்றாள் றிஷானா. இறைவன் ஏற்கட்டும் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது றுவைஸ் முன்னறைக் கதிரையில் இருந்தான். பஸ்னா உள்ளறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள எப்பிடி?"

"தப்பிட்டுது."

"அல்ஹம்துலில்லாஹ்." மூச்சு விட்டான். "எதிர்வீட்டாளிட்ட நாளைக்கு ரெண்டு வார்த்தை கேக்கத்தான் போறன்."

"கேக்க வேணாம்," என்றாள் றிஷானா. "பொலிசுக்கு அடிச்சது நான்."

அவன் விளங்காதவன்போல் பார்த்தான். பிறகு விளங்கியது. ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். கையோங்கினால்கூட ஏற்றுக்கொண்டிருப்பாள். அவன் எழுந்து வெளியே போனான். மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் பண்ணவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஜன்னலில் நின்ற அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான். "திசைகாட்டியும் எடுத்தாங்களா?"

"ஓம்."

"திருப்பிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"என்டது இன்னும் தரேல்ல," என்றான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நோரீனை வீட்டுக்கு விட்டார்கள். படுக்கையில் இருக்க வேண்டும், படியேறி இறங்கக் கூடாது என்று கட்டளை.

அஸர் தொழுதுவிட்டு றிஷானா படியேறினாள். ஒரு தட்டு வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள். தின்பண்டத்தை நீட்டிக்கொண்டு சொல்கிற கதையில்லை இது.

மாடிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஸாம்சன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நோரீன் தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"வாங்க, ராத்தா. நேற்று அடைச்ச கதவ இண்டைக்குத் திறந்து வைக்கிறது எங்கட வழக்கம். ஆர் வந்தாலும் வரலாம். இரிங்க."

றிஷானா உட்காரவில்லை.

"பொலிசுக்கு அடிச்சது நான்தான்."

ஸாம்சனின் கை பெட்டிக்குள்ளேயே நின்றது.

"தெரியும்," என்றாள் நோரீன்.

"ஆர்... ஆர் சொன்னது?"

"நீங்கதான். ஆஸ்பத்திரியில நான் கோப்பையத்தான் கேட்டன். எத்தின நிமிசத்துக்கு ஒருக்கா எண்டு நான் சொல்லவே இல்ல. நீங்களா மணிக்கூட்டப் பாத்து ஒன்பதாம் நிமிசம் சரியாத் தந்தீங்க. அந்தப் பெட்டிச் சத்தம் ரோட்டுக்குக் கேக்காது. உங்கட குசினிக்கு மட்டும்தான் கேக்கும்."

றிஷானாவுக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு இருபத்துநாலு. அப்போது திறந்து மூடிய கண்.

"தெரிஞ்சுமா என்ட கையால குடிச்சீங்க?"

"வேற கை அங்க இருக்கேல்லையே."

கீழே பள்ளிவாசல் பக்கம் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. றிஷானா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்களுக்கும் ஒருக்கா இப்பிடி நடந்திரிக்கி, நோரீன். என்ட மனிசனப் பிடிச்சுக்கொண்டு போனாங்க. திரும்ப வருவாங்க எண்ட பயம். அந்தப் பயத்தில... பிறகு ரோட்டில வச்சுத் தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்திட்டன். அதுக்குப் பயம் காரணமில்ல. வெக்கம்தான். என்ன மன்னிச்சிடுங்க."

நோரீன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ரோட்டில இருந்த நேரம் இது அசையேல்ல," என்றாள். "ஒரு மணித்தியாலம் அசையவே இல்ல. நான் எண்ணிக்கொண்டே இருந்தன். மன்னிச்சன் எண்டு சும்மா வாயால சொல்லலாம். உங்களுக்கு அப்பிடிச் சொல்ல எனக்கு விருப்பமில்ல. இப்ப என்னால ஏலாது, ராத்தா."

றிஷானா தலையசைத்தாள். திரும்பினாள்.

"கொஞ்சம் நில்லுங்க. எங்கட வழக்கத்தில மூண்டு தரம் வந்து கேக்கோணும். மூண்டு தரம் கேட்டும் குடுக்காட்டிப் பிழை என்ட பக்கம் வந்திடும்." அவள் குரலில் கோபம் இருந்தது, அது மறையவில்லை. "இது முதலாந்தரம்."

"ஞாயித்துக்கிழமை காலையில லொறி வரும்," என்றான் ஸாம்சன், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "சீனன்குடாக் குவாட்டர்ஸுக்குப் போறம்."

றிஷானா இறங்கி வந்தாள். முன்னறை மூலையில் குணமணியின் குடை சாத்தியிருந்தது. நேற்றைய அமளியில் யாரோ உள்ளே கொண்டுவந்து வைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தாள். ஆறு வருடமாகக் கடக்காத எட்டடி. கேற்றைத் தட்டினாள்.

"குடைக்கு என்ன அவசரம், பிள்ளை?" என்றபடி குணமணி வந்தாள். றிஷானாவின் முகத்தைக் கண்டதும் நின்றாள். "ஏன், அந்தப் பிள்ளைக்கு ஏதும்...?"

"இல்ல, அக்கா. அவ சுகம். நான் உங்களப் பத்தி ஒண்டு நினைச்சிருந்தன். ஆறு வருசமா. அதச் சொல்லத்தான் வந்தன்."

"ஓ, அது எனக்குத் தெரியுமடி," என்றாள் குணமணி. குடையை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கேற்றைச் சாத்தவுமில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. குசினியில் நின்ற றிஷானா மேலே காது கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படியேறினாள். இன்றைக்குக் கதவு சாத்தியிருந்தது.

தட்டினாள். முந்தாநாள் இதே இடத்தில் நின்று தட்டியபோது உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆர்?" என்றது நோரீனின் குரல்.

"நான்தான், ராத்தா," என்றாள். "ரெண்டாந்தரம் வந்திரிக்கன்."

உள்ளே ஸாம்சனின் துணிச் சப்பாத்துக் காலடி மெல்ல நடந்து வந்து, கதவருகே நின்றது.